பதினாறாம் நாள் போட்ட சோறு

ஒரு மனிதன் உயிரோடு இருக்கிறானா இல்லையா என்று தெரியாமல் ஒரு பகல் முழுவதும் கடற்கரையில் அலைந்திருக்கிறேன். அவனை வீட்டைவிட்டு வெளியேற வைத்தது என் பேச்சு. இதை என் மனைவியிடம்கூட முழுதாகச் சொன்னதில்லை. எனக்கு இப்போது எழுபத்து நான்கு வயது. இதுவரை யாரும் கேட்கவில்லை, அதனால் தப்பித்துக்கொண்டிருக்கிறேன். அதுதான் உண்மை.

கல்லூரியில் உளவியல் கற்பித்து ஓய்வுபெற்ற பிறகு, செங்கல்பட்டு பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் இரண்டு அறைகளை எடுத்து மனநல ஆலோசனை மையம் நடத்தினேன். விபத்தில் பிழைத்தவர்கள், தீயில் வெந்தவர்கள், கட்டியவனிடம் அடிபட்டுத் தூக்கம் தொலைத்த பெண்கள் என்று பலர் வந்தார்கள். கருத்தரங்குகளில் என் முறையைப் பற்றி நிறையப் பேசுவேன். வெளிநாட்டுப் புத்தகங்கள் நோயாளியைத் தனி ஆளாகப் பார்க்கின்றன, நம்மவரோ குடும்பத்தோடும் ஊரோடும் சேர்ந்தவர், ஆகவே அவர்களின் வழக்கத்தை ஒட்டித்தான் காயத்தை ஆற்ற வேண்டும் என்பேன். கை தட்டுவார்கள்.

சொன்னபடி நடந்தும் கொண்டேன். மேசை போடாமல் பாயில் உட்கார்ந்து பேசுவோம். மருமகளோடு மாமியார் வந்தால் இருவருக்கும் டீ வரும். தர்காவில் மந்திரித்துக் கட்டிய கயிற்றோடு வருபவரிடம் அதைக் கழற்றச் சொல்ல மாட்டேன். பலருக்கு இது உதவியது. ஆனால் அந்த வெற்றிதான் என்னைக் கெடுத்தது. இந்த மாவட்டத்து மனிதர்களை எனக்குத் தெரியும் என்று நம்பிவிட்டேன்.

நான் செங்கல்பட்டுக்கு மேற்கே, ஏரித் தண்ணீரை நம்பிப் பயிர் வைக்கும் ஊரில் பிறந்தவன். கடல் எங்களுக்கு நாற்பது கிலோமீட்டர். முதன்முதலில் அதைப் பார்த்தபோது எனக்குப் பதினேழு வயது. கல்லூரி மாணவர்களாக மாமல்லபுரம் போயிருந்தோம். எல்லோரும் கால் நனைத்தார்கள். நான் செருப்பைக்கூடக் கழற்றாமல் மணலில் நின்றிருந்தேன். கடலோரத்து மனிதர்களின் வழக்கத்துக்கும் எங்களுடையதற்கும் இடையில் எவ்வளவு தூரம் என்று அப்போது நான் யோசிக்கவில்லை. ஒரே மொழி, ஒரே சாமி, ஒரே மாவட்டம். அது போதும் என்று நினைத்தேன்.

முதலில் நான் சொன்ன அந்த மனிதன் மையத்துக்கு வந்தபோது அவனுக்கு முப்பது வயதுக்கு மேல் இருக்கும். சிறுசேரியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தின் வாசலில் காவலாளி. சீருடையோடே வந்து, பாயின் ஓரத்தில், வலது கையை இடது கையால் பிடித்து முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான்.

"கைக்கு என்ன?" என்றேன்.

"கைக்கு ஒண்ணும் இல்ல சார். பெரிய ஆஸ்பத்திரில நரம்பெல்லாம் பாத்துட்டாங்க. நல்லா கீதாம். ஆனா புடிக்க மாட்டேங்குது. டீ கிளாஸ் குடுத்தா வுட்டுடுது. மூணு கிளாஸ் காலி. இப்பல்லாம் டீக்கடக்காரரு என்னத் தூரத்துல பாத்தாலே பேப்பர் கப்ப எடுத்துடறாரு."

சொல்லிவிட்டுச் சிரித்தான். நானும் சிரித்தேன். எனக்கு அவனைப் பிடித்துப்போனது.

சதுரங்கப்பட்டினத்துக்கு வடக்கே உள்ள ஒரு குப்பத்தைச் சேர்ந்தவன். பதினோரு மாதங்களுக்கு முன்புவரை அண்ணனோடு கடலுக்குப் போய்க்கொண்டிருந்தான். ஒரு காலையில் அவனும் அண்ணனும் கூட்டாளி ஒருவனுமாக மீன்பிடித்துத் திரும்பும்போது, கரைக்குப் பக்கத்திலேயே அலை தூக்கியடித்துப் படகு கவிழ்ந்தது. இவனும் கூட்டாளியும் கரையேறினார்கள். அண்ணனின் உடல் மறுநாள் ஒதுங்கியது. அதற்குப் பிறகு இவன் கடலில் இறங்கவில்லை. கல்யாணமும் ஆகவில்லை. அண்ணியும் அவளுடைய இரண்டு பெண் குழந்தைகளும் இவன் சம்பளத்தில் ஒரே வீட்டில் இருந்தார்கள். அந்தப் பெண்களைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவன் முகத்தில் உயிர் வரும்.

ஆறாவது முறை வந்தபோது சொன்னான்.

"அண்ணனுக்குக் கால்ல வல சுத்திக்கிச்சு சார். போட்டு கவுந்து கெடக்குது. நான் ஒரு கையால போட்டப் புடிச்சிகினு, இந்தக் கையால அண்ணனப் புடிச்சிகினு கீறேன். அடுத்த அல வந்துச்சு. வல உள்ள இழுக்குது. என்னையும் சேத்து இழுக்குது."

"கை நழுவிடுச்சா?"

"நழுவல சார்." தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தான். "வுட்டேன்."

கூட்டாளி படகின் மறுபக்கம் இருந்திருக்கிறான். அவன் எதையும் பார்க்கவில்லை.

அப்போது எனக்கு வந்த பயம் அவனைப் பற்றியது அல்ல. எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். இதை இப்போது சொல்லிவிடுகிறேன். எனக்குப் பதினோரு வயதில், எங்கள் கிணற்று மோட்டார் கொட்டகையில் என் தம்பி மின்சாரம் தாக்கி இறந்தான். அவனுக்கு எட்டு வயது. அப்போது மின்சாரம் நின்றுபோயிருந்தது. அப்பா சுவிட்சை அணைத்துவிட்டு வரப்புக்குப் போயிருந்தார். தொடாதே என்று சொன்னதனாலேயே நான் அதைத் தூக்கிவிட்டு விளையாடினேன். கரண்ட் இல்லையே, ஒன்றும் ஆகாது என்று நினைத்தேன். பிறகு அதை அணைக்காமலே கொய்யா மரத்துக்குப் போய்விட்டேன். கரண்ட் வந்தபோது தம்பி ஈரக் கையால் மோட்டாரைப் பிடித்திருந்தான். சுவிட்சை அணைக்க மறந்தது தான்தான் என்று அப்பா நம்பினார். இருபத்தாறு வருடம் அப்படியே நம்பி, அப்படியே செத்தார். நான் வாய் திறக்கவில்லை. அதன் பிறகு இந்தப் படிப்பைப் படித்து, மற்றவர்களை வாய் திறக்கச் சொல்வதையே தொழிலாக்கிக்கொண்டேன்.

தண்ணீர் குடித்துவிட்டு வந்து அவனிடம் கேட்டேன்: "இத வீட்ல சொன்னீங்களா?"

"யாரும் கேக்கல சார்."

"அண்ணி?"

"அண்ணி எப்டி சார் கேக்கும்? பதினாறாம் நாளே சோறு போட்டுட்சே."

அது என்ன சோறு என்று நான் கேட்டிருக்க வேண்டும். கருமாதிச் சாப்பாடு எங்கள் ஊரிலும் உண்டு. உறவுக்காரர்கள் வருவார்கள், வடை பாயசத்தோடு சாப்பிடுவார்கள், போவார்கள். அதுதான் என்று எடுத்துக்கொண்டேன். என் குறிப்பேட்டில் 'குடும்பத்தில் துக்கம் பேசப்படவில்லை' என்று எழுதினேன். வழக்கத்தை மதிப்பவன் என்று மேடையில் பேசிய நான், வழக்கம் கண்முன்னே வந்து உட்கார்ந்தபோது அதனிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை.

அடுத்த இரண்டு முறையும் அவனைச் சம்மதிக்க வைப்பதிலேயே போயின. அண்ணியிடம் சொல்லுங்கள், பாரம் இறங்கும், நம் குடும்பங்கள் தாங்கும், மன்னிக்கும் என்றேன்.

"வேணாம் சார். எனக்கு பயமா கீது."

"பயம் சொல்றதுக்கு முன்னாடிதான். சொன்னப்புறம் இருக்காது."

எனக்கு அது எப்படித் தெரியும்? எனக்குத் தெரியாது. நான் சொன்னதே இல்லையே. ஏரியில் ஆழம் தெரியாத இடத்தில் கூட வந்தவனை முதலில் இறங்கச் சொல்வதுபோல அவனை இறக்கிப் பார்த்தேன். சொன்னால் ஒருவனுக்கு என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டேன். அவன் குணமாக வேண்டும் என்ற ஆசையும் இருந்தது. ஆனால் எது பெரிதாக இருந்தது என்று கேட்டால் நான் நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். அவன் குணமாக வேண்டும் என்பது அல்ல.

ஐப்பசி மாதம். முந்தின நாள் மழை கொட்டி வெறித்திருந்தது. காலை ஒன்பது மணிக்கு மையத்தைத் திறந்தபோது தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு.

"நீங்கதான் அந்தப் பேசற டாக்டரா?" ஒரு பெண் குரல். "எங்க வூட்டுக்காரரு தம்பி உங்களாண்ட வந்துச்சா?"

முந்தின மாலை அவள் மீன் கழுவிக்கொண்டிருந்தபோது அவன் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறான். அவள் மீனைக் கழுவிக்கொண்டே இருந்திருக்கிறாள். அவன் எழுந்து போனவன் திரும்பவில்லை. தொலைபேசி அணைந்திருந்தது. வேலைக்கும் போகவில்லை.

நான் முதலில் பயந்தது எனக்காக. போலீஸ் வந்து என் குறிப்பேட்டைக் கேட்டால் என்ன செய்வது? 'அண்ணியிடம் சொல்ல வலியுறுத்தினேன்' என்று தேதியோடு எழுதியிருந்தேன். அந்தப் பக்கத்தைக் கிழித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பேருந்து ஏறினேன். திருக்கழுக்குன்றம் தாண்டிய பிறகு அதைச் சின்னச் சின்னதாகக் கிழித்துச் சன்னல் வழியாக விட்டேன். ஒரு மனிதன் கடலில் கிடக்கிறானோ என்று தெரியாத நேரத்தில் நான் செய்த முதல் வேலை இது.

குப்பத்தில் அவள் வாசலிலேயே நின்றிருந்தாள். முப்பது வயது இருக்கலாம். பக்கத்தில், அன்று படகில் இருந்த கூட்டாளி. அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"இன்னா சார், பேசிப் பேசி சரி பண்ணிட்டீங்களா?"

"நீ சும்மா இருண்ணா," என்றாள் அவள். பிறகு என்னிடம், "சார், பதினாறாம் நாளு நான் சோறு போட்டேன்னு அவன் உங்களாண்ட சொல்லலியா?"

"சொன்னாரும்மா."

"அப்பறம்?"

அவள்தான் விளக்கினாள். அந்தக் குப்பத்தில், கடலில் ஒருவன் போய்விட்டால், அதே படகிலிருந்து உயிரோடு வந்தவர்களைப் பதினாறாம் நாள் முதல் பந்தியில் உட்கார வைப்பார்கள். செத்தவனின் மனைவி தன் கையால் அவர்களுக்குச் சோறு போட வேண்டும். அதற்கு முன்னால் என்ன நடந்தது என்று அவள் கேட்கலாம், சண்டை போடலாம், ஊரைக் கூட்டலாம், சோறு போட முடியாது என்றும் சொல்லலாம். போட்டுவிட்டால் முடிந்தது. அதன் பிறகு யாரும் எதையும் கேட்கக் கூடாது, வந்தவனும் சொல்லக் கூடாது.

"எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிங்களா சார்? கரைக்கு வந்தப்ப அவன் மணிக்கட்டுல நகக்கீறல் இருந்துச்சு. அது அவரு நகம். அதப் பாத்துகினேதான் சோறு போட்டேன். பதினஞ்சி நாளு யோசிச்சிட்டுதான் போட்டேன்." அவள் குரல் உயரவில்லை. "இப்ப காதால கேட்டுட்டேன். போட்ட சோத்த எப்டி சார் திரும்ப எடுக்கறது? கேட்டத எப்டி சார் கேக்காதமாரி இருக்கறது?"

அவள் ஏற்கெனவே மன்னித்திருந்தாள். அவர்களுடைய வழியில், முழுதாக, தெரிந்தே. நான் அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டேன். கையை விட்டுவிட்டோம் என்ற குற்றம் மட்டும் அவனிடம் இருந்தது. இப்போது வழக்கத்தை உடைத்த குற்றமும் சேர்ந்துகொண்டது. அவன் ஏன் எழுந்து போனான் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"இந்த மாசத்துல தண்ணி தெக்கால இழுக்கும்," என்றான் கூட்டாளி. "வுழுந்திருந்தா கோட்டப் பக்கம்தான் ஒதுங்குவான். வரீங்களா?"

போனேன். அவனும் நானும் தெற்கே நடந்தோம். கடல் பழுப்பாக, மரக்கிளைகளும் பிளாஸ்டிக்குமாகக் கரையை அடித்துக்கொண்டிருந்தது. நான் தண்ணீரிலிருந்து எட்டியே நடந்தேன். கூட்டாளி முழங்கால் நனைய நடந்தான். வழியில் எதையாவது பார்த்தால் நிற்பான். அவன் நிற்கும் ஒவ்வொரு முறையும் நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். ஓரிடத்தில் கறுப்பாக, ஆள் நீளத்துக்கு ஒன்று பாதி மணலில் புதைந்து கிடந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். கூட்டாளி காலால் புரட்டும் சத்தம் கேட்டது.

"வலதான் சார். கண்ணத் தொறங்க."

சிறிது தூரம் போனதும் அவனே கேட்டான்: "அன்னிக்கு அந்தப் பக்கம் நான் இருந்திருந்தா நான் வுட்டிருக்க மாட்டனா சார்? எனக்கு வூட்ல புள்ளகுட்டி இல்லியா? இதப் போயி ஏன் சார் நோண்டனீங்க?"

சதுரங்கப்பட்டினக் கோட்டையின் சுவர்கள் தெரிந்தபோது அவன் தொலைபேசி அடித்தது. கோவளத்தில் இருக்கும் அவனுடைய உறவுக்காரன். விடிகாலையில் ஒரு படகுக்கு ஆள் குறைந்ததாம். இந்தச் சாடையில் ஒருத்தன் வந்து நான் வரேன் என்று ஏறினானாம். மற்றப் படகுகள் எல்லாம் கரைக்கு வந்தாயிற்று. அந்தப் படகு இன்னும் வரவில்லை.

கூட்டாளி தொலைபேசியை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தான். "கை புடிக்காதவன் கடலுக்குப் போய் கீறான்," என்றான்.

குப்பத்துக்குத் திரும்பி அவளையும் கூட்டிக்கொண்டு, மூவரும் பேருந்தில் கோவளம் போனோம். அவள் சன்னல் பக்கம் உட்கார்ந்து, வீடுகளின் இடைவெளியில் கடல் தெரியும்போதெல்லாம் எட்டிப் பார்த்தாள். ஒன்றரை மணிக்குக் கரையில் நின்றோம். படகுகள் ஏற்றி நிறுத்தப்பட்டிருந்தன. மீன் விற்று முடிந்து பெண்கள் கூடைகளைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருத்தி இவள் நிற்கும் நிலையைப் பார்த்துவிட்டுக் காரணம் கேட்கவில்லை. ஒரு பழைய குடையை மட்டும் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனாள்.

ஒன்றரை மணி நேரம் நின்றோம். தூரத்தில் கரும்புள்ளி எது தெரிந்தாலும் எனக்குப் படகாகத் தெரிந்தது. பிறகு இல்லாமல் போனது. அது திரும்பி வந்தாலும், அவன் அதில் இருப்பானா என்று யாருக்குத் தெரியும்? நடுக்கடலில் ஒருவன் தவறி விழுவதற்கு எவ்வளவு நேரம் வேண்டும்? உள்ளே போய் விழத்தான் ஏறியிருப்பான் என்று நான் நிச்சயமாக நம்பினேன். அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. அவர்களும் சொல்லவில்லை. மூவரும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தோம்.

படகு வந்தபோது மணி மூன்று இருக்கும். எஞ்சின் கோளாறு என்று பிறகு சொன்னார்கள். அலையைத் தாண்டும் இடத்தில் அது ஒருமுறை மேலே எழும்பியது. அவள் என் கையைப் பிடித்தாள். யார் கை என்று தெரிந்து பிடித்ததாக எனக்குத் தோன்றவில்லை. படகில் நான்கு பேர். நான்காவது ஆள் அவன்.

கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டு இறங்கினான். எங்களைப் பார்த்ததும் இடுப்பளவு தண்ணீரிலேயே நின்றுவிட்டான். அவள் சேலை நனைய இறங்கிப் போய் அவன் முன்னால் நின்றாள்.

"எந்தக் கை?"

அவன் வலது கையைத் தூக்கிக் காட்டினான். உள்ளங்கை கயிறு அறுத்துச் சிவந்திருந்தது. அவள் அதைத் தொடவில்லை. நிறைய நேரம் பார்த்தாள்.

"எதுக்குப் போன?"

"செத்துடலாம்னுதான் அண்ணி போனேன்." அவன் அழுதான். "முடியல. வலைய இழுக்கச் சொன்னாங்க. இழுத்துகினே இருந்தேன்."

"நீ எங்க வூட்டாண்ட வராத இனிமே," என்றாள். "பொண்ணுங்கள நான் பாத்துக்கறேன். உன் மூஞ்சியப் பாத்தா எனக்கு அந்தக் கைதான் ஞாபகம் வரும். வராத. ஆனா உசுரோட இருக்கணும். செத்துகித்து வெச்ச, அப்பறம் உன்ன சும்மா வுட மாட்டேன்."

"சரி அண்ணி."

அவள் கரையேறி வந்தாள். நான் என்னவோ சொல்ல வாயெடுத்தேன். மன்னிப்பு என்ற சொல்லாக இருக்கும். அவள் கையை உயர்த்தி நிறுத்தினாள்.

"நீங்க ஒண்ணு பண்ணுங்க சார். அவன் கீறானா இல்லியான்னு மாசா மாசம் எனக்கு சொல்லுங்க. நானாப் போயி அவனக் கேக்க முடியாது. உங்களுக்குத்தான் கேக்கறது வேலையாச்சே."

அந்த வருடமே மையத்தை மூடிவிட்டேன். உடம்பு முடியவில்லை என்று எல்லோரிடமும் சொன்னேன். அவன் கோவளத்தில் ஓர் அறை எடுத்துத் தங்கி, அதே படகில் வேலை செய்கிறான். பெண் குழந்தைகளைப் பற்றி என்னிடம் கேட்பான். எனக்குத் தெரிந்ததைச் சொல்வேன். எனக்குத் தெரிந்தது மிகக் குறைவு. என் மேல் கோபமா என்று ஒருமுறை கேட்டேன். "அதெல்லாம் இல்ல சார்," என்றான். அவன் அப்படிச் சொன்னது எனக்கு ஆறுதலாக இல்லை.

மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை அவனை அழைப்பேன். பிறகு அவளுக்குச் சொல்வேன். அவள் "கீறானா?" என்பாள். "இருக்கார்மா" என்பேன். "சரி" என்று வைத்துவிடுவாள். மூன்று வருடங்களாக இதுதான் நடக்கிறது. போன மாதம் மூன்று முறை அழைத்தும் அவன் எடுக்கவில்லை. இரண்டு மணி நேரம் நான் வீட்டுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்தேன். கடைசியில் அவனே கூப்பிட்டு, "இன்னா சார், வல இழுத்துகினு இருந்தேன்" என்றான்.

அன்று அவளிடம் தாமதமாகச் சொன்னதற்குக் காரணம் சொன்னேன். கொஞ்சம் மயக்கமாக வந்தது, படுத்துவிட்டேன் என்று ஒரு பொய்யையும் சேர்த்துச் சொன்னேன். அவள் உடனே வைக்கவில்லை.

"சார், உங்களுக்கு வயசாகுதே. நீங்க போயிட்டா எனக்கு யாரு சொல்லுவா?"

நான் தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"யோசிச்சி வைங்க," என்றாள். "அடுத்த மாசம் சொல்லுங்க."

அந்த ஞாயிறு வருவதற்கு இன்னும் நான்கு நாட்கள் இருக்கின்றன.